அமாவாசைக்கு முதல் நாள் பூட்டை மாற்றலாமா?



மேல்மலையனூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் வியாபாரம்தான் மற்ற நாட்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம், பூசணிக்காய், குங்குமம் என்று கேட்கிற கைகளுக்குக் கொடுத்து மாளாது. மாசிப் பெருவிழாவில் மயானக் கொள்ளையும் தேரும் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், கடைப் பூட்டு பழசாகிவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டு, கதவைக் கழற்றிக் கீழே வைத்துப் புதுப் பூட்டு பொருத்தச் சொல்வோமா? சொல்லமாட்டோம். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நானும் செய்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மளிகைக் கடையில் மொத்தமும் சில்லறையும் உண்டு. கம்ப்யூட்டர் நான்கு. கணக்கு முழுவதும் உள்ள பெரிய கம்ப்யூட்டர் உள்ளறையில், பில் போட இரண்டு, கொள்முதல் பதிய ஒன்று. நான்குக்கும் சேர்த்து ஆன்ட்டி வைரஸ் போட்டிருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் புரட்டாசி அமாவாசைக்கு முதல் நாள், அதைப் பராமரிக்கிற பையன் வந்தான். "அண்ணாச்சி, புது வெர்ஷன் வந்திருக்கு. நாலு மிஷினையும் ஒரே இடத்துல இருந்து கவனிச்சுக்கலாம். பழசுக்கு நாளையோட கெடு முடியுது. இன்னைக்கே போட்டுடறேன்" என்றான். சரி என்றேன். ஆறு மணிக்கு வேலை முடிந்தது. அவன் பஸ் ஏறிவிட்டான். ஏழு மணிக்குப் பில் போடுகிற இரண்டு கம்ப்யூட்டரும் பெரிய கம்ப்யூட்டரைக் காணவில்லை என்று நின்றுவிட்டன.

காரணம் பெரிதல்ல என்று பிறகு தெரிந்தது. புதிய சாப்ட்வேரில் இருந்த தடுப்புச் சுவர், அதாவது ஃபயர்வால், வெளியிலிருந்து வருகிறவனைத் தடுப்பதோடு கடைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசுகிற வழியையும் அடைத்துவிட்டது. அதைத் திறந்துவிடப் பத்து நிமிஷம் போதும். ஆனால் திறக்கத் தெரிந்தவன் பஸ்ஸில் இருந்தான். திறப்பதற்கான பாஸ்வேர்டும் அவனிடம்தான் இருந்தது.

கையால் பில் போடலாம் என்றால் பில் புத்தகத்தில் பத்துத் தாள்தான் மிச்சம். விலையைக் கேட்டால் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எல்லா விலையும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பழைய கணக்குப்பிள்ளை ஒருவர்தான் பாதி விலையை ஞாபகத்திலிருந்து சொன்னார். சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து திருவிழாக் கடை போடுகிற சிறு வியாபாரிகளுக்குக் கடனில் கொடுத்த சரக்கை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதினோம். அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் பதினோரு சீட்டில் பெயர் இல்லை. பணமாகப் பார்த்தால் தாங்கக்கூடிய நஷ்டம்தான். ஆனால் வருஷக்கணக்காக வரும் ஒரு வாடிக்கைக்காரரிடம் போய், "அன்றைக்கு இரண்டு சிப்பம் எடுத்தது நீங்கள்தானே?" என்று கேட்டேன் பாருங்கள், அவர் முகம் மாறியது. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

நான் அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. சாப்ட்வேரையும் குறை சொல்லவில்லை. குறை நாள் பார்க்காத என்னுடையது. பாதுகாப்பு சாப்ட்வேரைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். எப்போது, எப்படி என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும், விற்கிறவர் அல்ல. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பெரிய இடத்திலும் நடந்தது

இது நம்மைப் போன்ற சிறியவர்களின் அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளிக்கிழமை. நாம் அம்மன் கோயில் கூட்டத்துக்குச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் உலகம் முழுவதும் உள்ள தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பியது. அதில் ஒரு பிழை. சாப்ட்வேர் 20 விவரங்களை எதிர்பார்த்திருக்க, வந்த கோப்பு 21-வதையும் தேடச் சொன்னது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி விழுந்தன. நிறுத்திப் போட்டால் மறுபடியும் நீலத் திரை. 78 நிமிஷத்தில் அந்த நிறுவனம் தவறைத் திருத்தி வேறு கோப்பை அனுப்பிவிட்டது. ஆனால் விழுந்த கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லையே! சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. பலவற்றை ஆள் போய்த் தொட்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இண்டிகோ நிறுவனம் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது. ஆனால் நம் வங்கிகள் பெரும்பாலும் தப்பித்தன. பத்து வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு தடங்கல் என்று ரிசர்வ் வங்கி அன்றே அறிவித்தது. அந்த சாப்ட்வேரை நம் வங்கிகளில் சிலவே பயன்படுத்தின என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மளிகை வியாபாரிக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனத்தின் ஆன்ட்டி வைரஸுக்கு வந்த அன்றாடத் திருத்தம், விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று எண்ணி ஒதுக்கிவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் என்ற பெரிய பலசரக்குக் கடை நிறுவனம், பில் இயந்திரம் ஓடாததால் சில கிளைகளை மூட வேண்டி வந்தது. அலமாரியில் சரக்கு இருக்கிறது, வாசலில் வாடிக்கையாளர் இருக்கிறார், கல்லாவில் ஆளும் இருக்கிறார். ஆனால் விற்க முடியவில்லை!

அப்படியானால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா?

இந்தக் கதைகளைக் கேட்டதும் நம்மில் சிலர், "இதுக்குத்தான் நான் எந்த அப்டேட்டும் போடறதில்லை" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. இது காய்ச்சலுக்குப் பயந்து கிணற்றில் குதிக்கிற கதை.

2017 மே 12-ல் வன்னாக்ரை என்ற வைரஸ் பரவியதை நினைத்துப் பாருங்கள். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல் துறையின் சில கம்ப்யூட்டர்களும், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டன. கவனிக்க வேண்டியது இதுதான்: அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. போட்டவர்கள் பிழைத்தார்கள். "பிறகு பார்க்கலாம்" என்றவர்கள் மாட்டினார்கள்.

"நம்ம கடையில என்ன இருக்கு, யார் வரப் போறான்?" என்று கேட்கலாம். இப்படிப்பட்ட வைரஸ் ஆளைப் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கிற கதவைப் பார்த்து வருகிறது. நம் கடையில் என்ன இருக்கிறது என்றால், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு இருக்கிறது. நம் வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் அறுவடையாகி, செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போய்க் காசு கைக்கு வந்த பிறகுதான் பலர் கடன் தீர்ப்பார்கள். அதுவரை நம்மிடம் உள்ள ஆதாரம் பேரேடு ஒன்றே. முன்பு அது காகிதத்தில் இருந்தது. இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது போனால் ஆறு மாத உழைப்பு போயிற்று.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தன. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு நீட்டிப்பு உண்டு. தேதியைப் பாருங்கள். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால்! அமெரிக்காவில் இருப்பவர் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி குறிப்பதில்லை. ஆனால் அந்தக் கெடு நாலு ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. ஆனியிலோ ஆவணியிலோ மாற்றியவர் நிம்மதியாகத் தீபாவளி வியாபாரம் பார்த்தார். கடைசி வாரம் வரை விட்டவர் இரண்டில் ஒன்றைப் பணயம் வைத்தார். இன்னமும் விண்டோஸ் 10-லேயே திருத்தம் எதுவும் வராமல் ஓட்டுகிறவர்கள் அடுத்த அமாவாசை கழிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பார்ப்பது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர் தாங்காது. அதற்குப் புதுக் கம்ப்யூட்டருக்குத்தான் முதல் ஒதுக்க வேண்டும்.

நாள் பார்த்துச் செய்வது

என் பட்டறிவில் நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். நம் ஊருக்கு நல்ல நாள் என்பது அமாவாசை கழிந்து மூன்றாம் நாளிலிருந்து பௌர்ணமிக்குள். மாசி முழுவதும், தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம், பொங்கலுக்கு முந்திய இரண்டு வாரம், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிற கெடு நாட்கள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. வேலையைக் காலையில் கடை திறக்கு முன் தொடங்க வேண்டும். சாயங்காலம் தொடங்கினால், பழுது வரும் நேரத்தில் உதவிக்கு ஆள் கிடைக்காது.

விண்டோஸ் தானாகவே புதுப்பித்துக்கொள்வதையும் நம்மால் அடக்கி வைக்க முடியும். திருத்தங்களை அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தி வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வேலை நேரம் இன்னதென்று ஒரு நாளில் 18 மணி நேரம் வரை குறித்துக் கொடுத்தால், அந்த நேரத்தில் அது தானாக அணைந்து எரியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நிறுத்தி வைப்பது திருவிழாவுக்கு மட்டும்தான், வருஷம் பூராவுக்கும் அல்ல. புது வெர்ஷன் வந்து இரண்டு வாரம் மற்றவர்கள் அனுபவத்தைப் பாருங்கள். அதற்கு மேல் தள்ளாதீர்கள். அவசர ஓட்டை என்று அறிவித்துவிட்டால் அந்த இரண்டு வாரமும் கிடையாது. ஆன்ட்டி வைரஸின் அன்றாடத் திருத்தம் தினமும் தானாக வந்துகொண்டே இருக்கட்டும். அதை நிறுத்தினால் காவல்காரனைத் தூங்கச் சொன்ன மாதிரி.

புதுப்பிக்கும் முன் விற்பவரிடம் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நம் கணக்கு சாப்ட்வேரின் எந்த வெர்ஷனோடு இது ஒத்துப்போகும்? பில் பிரிண்டர், பார்கோடு கருவி, கம்ப்யூட்டரோடு இணைத்த எலக்ட்ரானிக் தராசு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஓடுமா? நம் கம்ப்யூட்டரின் மெமரி போதுமா? சரிப்படாவிட்டால் பழையதற்குத் திரும்புவது எப்படி? மறுநாள் பழுது என்றால் யார் வருவார்? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கணக்கின் நகல். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் உள்ள பெரிய களஞ்சியங்களைப் பார்த்திருப்பீர்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை அது. கட்டியவர்கள் மதிலையும் மலையையும் மட்டும் நம்பவில்லை. மதிலுக்கு உள்ளே தானியத்தையும் சேர்த்து வைத்தார்கள். பாதுகாப்பு சாப்ட்வேர் நமக்கு மதில் என்றால், கணக்கின் நகல் களஞ்சியம். இரண்டு பென் டிரைவில் எடுங்கள். ஒன்று இரும்புப் பெட்டியில், ஒன்று வீட்டில். எடுத்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்த நகல் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் ஒருமுறை பாருங்கள். திறக்காத நகல் ஓட்டைக் களஞ்சியம்.

பிறகு ஒரு தாள் எழுதுங்கள். சாப்ட்வேரின் லைசென்ஸ் எண், அதை வாங்கும்போது கொடுத்த ஈ-மெயில், நிர்வாகப் பாஸ்வேர்டு, சர்வீஸ் ஆட்கள் இருவரின் போன் எண் இவை அதில் இருக்கட்டும். கம்ப்யூட்டரின் வட்டு பூட்டப்பட்டிருந்தால், பழுது நேரத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பழுதின்போது பல நிறுவனங்கள் அந்த எண்ணைத் தேடித் திண்டாடின. அதையும் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். பாஸ்வேர்டு உங்களுடையது. சர்வீஸ் பையனிடம் மட்டும் அது இருந்தால் கடைச் சாவியே அவனிடம் இருப்பதாக அர்த்தம்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நாளில் போடாதீர்கள். முக்கியமில்லாத ஒன்றில் முதலில் போட்டு, இரண்டு நாள் பில் போட்டு, பிரிண்ட் எடுத்து, ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்து பாருங்கள். பெரிய கம்ப்யூட்டர் கடைசி. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே அந்தப் பழுதுக்குப் பிறகு, இனி இத்தகைய திருத்தங்களை எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பாமல் படிப்படியாக அனுப்புவதாக அறிவித்தது. அவர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசியாக, காகிதம். அன்றாடத் திருத்தத்திலேயே பிழை வந்தால் நாள் பார்த்தும் பயனில்லை என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது. அதற்கு ஒரே மருந்து பில் புத்தகம். தனி வரிசை எண் அச்சிட்ட இரண்டு புத்தகம் எப்போதும் இருக்கட்டும். எண் தொடர்ச்சியாக இருந்தால், தனி வரிசையில் கையால் எழுதும் பில்லுக்கு ஜி.எஸ்.டி. விதியில் தடையில்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மட்டும், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அரசுத் தளத்தில் நுழைய வழி வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை விலைப்பட்டியலையும் பாக்கிதாரர் பட்டியலையும் அச்செடுத்துக் கல்லாவுக்கு அடியில் வையுங்கள். அன்றைக்கு எனக்கு அந்த நாலு தாள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே பிறந்திருக்காது.

அரசுத் தளத்திலும் பூட்டு மாறியிருக்கிறது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்கும் இரட்டைப் பூட்டு முறை, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வியாபாரிகளுக்கும் கட்டாயமாயிற்று. அந்த ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது என்று இன்றே பாருங்கள். பதிவு செய்தபோது ஆடிட்டர் அலுவலக எண்ணையோ, இப்போது இல்லாத பழைய எண்ணையோ கொடுத்தவர்கள் நம்மில் உண்டு. லாரியில் பாரம் ஏற்றிவிட்டு ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பது நல்லதல்ல.

பழுது வந்தால்

இவ்வளவு செய்தும் பழுது வரலாம். பதறக் கூடாது. முதலில் திரையில் வந்திருக்கும் வாசகத்தைப் போனில் படம் எடுங்கள். பிறகு, பழுது ஒரு கம்ப்யூட்டரிலா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் குறை அந்தக் கம்ப்யூட்டரில். எல்லாக் கம்ப்யூட்டரும் பெரியதைக் காணவில்லை என்றால், எனக்கு நடந்ததுபோல ஃபயர்வால் உள்வழியை அடைத்திருக்கும். கணக்கு சாப்ட்வேருக்கு மட்டும் அந்த வழியைத் திறந்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு ஃபயர்வால் முழுவதையும் அணைத்துவிட்டுப் போகிற ஆளை விடாதீர்கள். அது ஜன்னல் இறுகுகிறது என்று சுவரை இடிக்கிற வேலை.

பில் சாப்ட்வேரே காணாமல் போய்விட்டால், ஆன்ட்டி வைரஸ் அதைத் தவறாகச் சந்தேகப்பட்டுத் தனியே ஒதுக்கி வைத்திருக்கலாம். அவசரப்பட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். ஒதுக்கப்பட்டவை பட்டியலைத் திறந்து பார்த்து, சாப்ட்வேர் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டு மீட்டெடுங்கள். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடினால், பழைய ஆன்ட்டி வைரஸ் முழுதாகப் போகாமல் புதியதோடு மல்லுக்கு நிற்கும். ஒரு வாசலுக்கு இரண்டு காவல்காரர் ஆகாது. பழையதை அதன் நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவியால் நீக்க வேண்டும்.

லைசென்ஸ் செல்லாது என்றோ, எந்தத் தளமும் பாதுகாப்பானதல்ல என்றோ வந்தால், முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மின்சாரம் போய்ப் போய் வருகிற நம் ஊரில், உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். சில ரூபாய் பேட்டரி மாற்றினால் தீருகிற விஷயத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் உண்டு. புதுப்பித்தல் நடக்கிறபோது மின்சாரம் போனாலும் ஆபத்துதான். யு.பி.எஸ். தாங்குகிறதா என்று முன்பே பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு கெடு வையுங்கள். என் கெடு ஒரு மணி நேரம். அதற்குள் சரியாகாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடு, வியாபாரத்தைப் பார், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆளிடம் முன்பே சொல்லிவிடுவேன். பழுது நேரத்தில் போனில் வருகிற முன்பின் தெரியாத உதவியை நம்பவே நம்பாதீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பழுதுக்குப் பிறகு, சரிசெய்து தருகிறோம் என்று மோசடிக்காரர்கள் கிளம்பினார்கள் என்று நம் அரசின் செர்ட்-இன் அமைப்பே எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சங்கம் முன்வர வேண்டும்

தனி ஒரு கடைக்காரர், "இன்றைக்கு வேண்டாம், அமாவாசை கழியட்டும்" என்றால் விற்பவர் கேட்பதில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள். ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஆண்டுத் தொடக்கத்தில் விடுமுறைப் பட்டியலோடு, கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாத நாட்களின் பட்டியலையும் சங்கம் வெளியிட வேண்டும். இரண்டு, பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பொது வாசகம் ஒன்றை எழுதித் தர வேண்டும். அந்த நாட்களில் மாற்றம் கூடாது, பாஸ்வேர்டு கடைக்காரரிடம் இருக்க வேண்டும், மாற்றிய மறுநாள் முழுவதும் ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பவை அதில் இடம்பெற வேண்டும். மூன்று, சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரைச் சோதனைக்கென்றே ஒதுக்கி, நாம் பெரும்பாலோர் பயன்படுத்தும் பில் சாப்ட்வேரையும் பிரிண்டரையும் அதில் வைத்து, புது வெர்ஷன் எதுவானாலும் முதலில் அங்கே ஓட்டிப் பார்த்து உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். செலவு அதிகமில்லை. சந்தாப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆயுத பூஜைக்குத் தராசைக் கழுவிப் பொட்டு வைக்க நேரம் ஒதுக்குகிறோம். தராசு முத்திரை வைக்கும் கெடுவையும் தவறவிடுவதில்லை. கம்ப்யூட்டரும் இன்று தராசுதான். நம் நாணயம் அதில்தான் நிறுக்கப்படுகிறது. அதற்கும் ஒரு நாள் ஒதுக்குவோம், அமாவாசை கழிந்த பிறகு.